பெரிய புகைக்குண்டு விட்ட வருசம்

எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். பெரியண்ணை, சின்னண்ணை, நான். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருசமே அப்பா நெருப்புக் காய்ச்சலில் போய்விட்டார். அவர் விட்டுப்போன மீன்பிடி வள்ளத்தைச் சின்னண்ணை எடுத்துக்கொண்டார். பெரியண்ணை கப்பல் வேலைக்குப் போனார். வடமராட்சியின் வடக்குக் கரையில் இருக்கிற எங்கள் ஊரில் அந்தக் காலத்து ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்தார்கள்.

எண்பத்து மூன்று ஆடியில் கலவரம் நடந்தபோது பெரியண்ணை ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் நின்றார். அடுத்த வருசம் அவர் கொழும்பில் இறங்கி, ரயிலில் பயந்து பயந்து ஊர் வந்து சேர்ந்தார். அம்மா அவருடைய பாஸ்போட்டை வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்து மூடினார்.

"இனி உனக்குக் கப்பல் வேண்டாம். இருக்கிறதைத் திண்டுகொண்டு இஞ்சை எங்களோடை இரு."

பெரியண்ணை மறுப்புச் சொல்லவில்லை. அவருக்கும் களைப்பு வந்திருக்கவேண்டும். சும்மா இருக்க முடியாத மனிசன் என்பதால், வந்த கிழமையே ஊர்ப் பெடியளோடு சேர்ந்து புகைக்குண்டுக் கதை தொடங்கிவிட்டார்.

புகைக்குண்டு என்றால் மெல்லிய வண்ணத் தாளை ஒட்டிச் செய்கிற பெரிய பை. நாங்கள் அந்தத் தாளை ரிசுத்தாள் என்போம். வாயில் மூங்கில் வளையம், வளையத்துக்குக் குறுக்கே கம்பி, கம்பியில் மண்ணெண்ணெயில் ஊறிய சீலைப் பந்தம். உள்ளே சூட்டுப் புகையை நிரப்பிப் பந்தத்தைக் கொளுத்திக் கைவிட்டால் தானாக மேலே போகும். சித்திரைப் பூரணையன்று பொழுதுபட, கடற்கரைக் கோயில் வீதியில் ஊரே கூடி நின்று அதைப் பார்க்கும். எங்கள் கிழக்குத் தெரு ஒன்று விடும். கோயிலுக்கு மற்றப் பக்கத்து மேற்குத் தெரு ஒன்று விடும். யாருடையது பெரியது, யாருடையது தூரம் போனது என்று அடுத்த சித்திரை வரைக்கும் கதை நடக்கும். அந்தப் பகுதியில் அதுவரை விட்டதிலேயே பெரியது மேற்குத் தெருவினுடையது. அதைக் கட்டியவர் ஒரு மேசன். வீடு கட்டுகிற கை. அவரை எல்லோரும் மேசனார் என்றே கூப்பிடுவார்கள். கோயில் கொடிமரத்தின் முக்கால் உயரத்துக்கு அவருடைய குண்டு நின்றதாகச் சொல்வார்கள்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரியண்ணை தான் வெளிநாட்டில் பார்த்த ஒன்றைப் பற்றிச் சொன்னார். கப்பல் திருத்த வேலைக்காக நின்ற நாட்களில் ஒரு விடியற்காலை சமையல்காரன் ஒருவன் அவரை ஊருக்கு வெளியே ஒரு புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

"அது கடுதாசி இல்லை. சீலை. பாய்ச்சீலை மாதிரி ஒண்டு. புல்லிலை விரிச்சுக் கிடந்ததைப் பாக்க, கரையிலை காயப்போட்ட வலை மாதிரி இருந்தது. பெரிய காத்தாடி வைச்சுக் காத்தடிச்சு, பேந்து உள்ளுக்கை நெருப்பை ஊதினாங்கள். ஒண்டொண்டா எழும்பி நிண்டுது."

"எத்தினை?" என்று கேட்டார் சின்னண்ணை.

"எண்ணேலாது. நான் அண்ணாந்து கழுத்து நொந்துபோனன்."

"கீழை பந்தமோ கட்டியிருந்தது?"

"பிரம்புக் கூடை. அதுக்குள்ளை ஆக்கள் நிண்டவை."

அம்மா குழம்பு விட்ட கையை நிறுத்தினார். "ஆக்களோ?"

"ஓம் அம்மா. பொம்பிளையளும் நிண்டவை. கையைக் காட்டிக்கொண்டு போச்சினம்."

சின்னண்ணை நம்பவில்லை. கப்பல்காரர் கதை என்று சிரித்தார். பெரியண்ணைக்கு ரோசம் வந்துவிட்டது. "ஒலிபெருக்கியிலை ஒருத்தன் இதுதான் உலகத்திலேயே பெரிசு எண்டு கத்திக்கொண்டிருந்தான். பக்கத்திலை இன்னொரு கூட்டம், இல்லை, போன வருசம் நாங்கள் விட்டதுதான் பெரிசு எண்டு அவனோடை சண்டைக்குப் போகுது."

"அப்ப அங்கையும் ஒரு மேற்குத் தெரு இருக்கு," என்றார் சின்னண்ணை. அம்மாவுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

சின்னண்ணை அப்படித்தான். சாப்பிடும்போது சிரிப்பார், வலை சிக்கெடுக்கும்போது சிரிப்பார். ஒரு வாக்குவாதத்தில் தோற்றுவிட்டு எழும்புகிற பழக்கம் மட்டும் அவரிடம் இல்லை. பாரை மீனா சூரை மீனா என்று தொடங்கினால் மீனைக் கொண்டுவந்து முன்னால் போட்டுக் காட்டிவிட்டுத்தான் நிறுத்துவார்.

எண்பத்தைந்தில் பெரியண்ணை கட்டிய முதல் குண்டு மேலே போகவே இல்லை. புகை நிரப்பும்போதே ஒரு பக்கம் பற்றிக்கொண்டது. மேற்குத் தெருவார் கூக்காட்டினார்கள். சின்னண்ணை அன்று சோறு தின்னவில்லை. பெரியண்ணை மட்டும் எரிந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, எந்த இடத்தில் பசை விட்டது என்று விளக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருசத்துக்கான வேலையை மாசி மாதமே எங்கள் வீட்டில் தொடங்கினார்கள். முன் விறாந்தைச் சீமெந்துத் தரையில் பெரியண்ணை வெண்கட்டியால் வளைவு ஒன்று கீறினார். அந்த வளைவின்படி தாளை ஒட்டி நீள நீளமான கீலங்களாக வெட்டவேண்டும். பிறகு கீலத்தோடு கீலத்தை ஒட்டவேண்டும். ஒட்டுகிற வேலை எங்களுடையது. தெருவில் இருந்த என் வயதுப் பெட்டைகள் எல்லோரும் பின்னேரங்களில் வருவார்கள். அம்மா கோதுமை மாவில் பசை காய்ச்சித் தருவார். காற்றுக்குத் தாள் பறக்கும் என்று யன்னல்களைப் பூட்டிவிடுவோம். வேர்த்து ஒழுகும். சின்னண்ணை கடலால் வந்து, இடுப்பில் ஈரச் சாரத்தோடு வாசலில் நின்று, பசைச் சட்டிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்ப்பார்.

"சீனி காணாது," என்பார். பெட்டைகள் சிரிப்பார்கள். அம்மா அகப்பையை ஓங்கிக்கொண்டு வருவார்.

அந்த இரண்டு மாதம் போல எங்கள் வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்த காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வெளியில் நிலைமை மோசம்தான். கடலில் நேவி சுடும் என்ற பயத்தில், போகிறவர்கள் திரும்பி வரும்வரை வீட்டில் விளக்குத் திரியைப் பார்த்துக்கொண்டிருப்போம். எஞ்சினுக்கு எண்ணெய் கிடைக்காது. சில கிழமைகளில் கடலுக்கே போக முடியாது. அதற்குள்ளேதான் இந்தத் தாள் வேலையும் நடந்தது. அதைச் செய்துகொண்டிருந்த நேரத்தில் வேறு ஒன்றையும் நினைக்கத் தேவையிருக்கவில்லை.

பூரணையன்று குண்டை மடித்து, ஒரு பிணத்தைத் தூக்குவதுபோல எட்டுப் பேர் மெதுவாகத் தோளில் வைத்துக் கோயிலடிக்குக் கொண்டுபோனார்கள். அப்படிச் சொல்லக்கூடாது என்று அம்மா அன்றைக்கே என்னை ஏசினார். வாயில் வந்துவிட்டது.

மணலில் கிடங்கு வெட்டிக் காய்ந்த பனையோலை போட்டு மூட்டினார்கள். இரண்டு தென்னைகளுக்கு நடுவே கயிறு கட்டிக் குண்டின் உச்சியைத் தூக்கினார்கள். சுற்றிவர நின்றவர்கள் தடிகளால் பக்கங்களை நெருப்பிலிருந்து விலக்கிப் பிடித்தார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அது மெல்ல மெல்ல ஊதிக்கொண்டு வந்தது. நிமிர்ந்தபோது கொடிமரத்தைத் தாண்டி நின்றது. சனம் சத்தம் போடவில்லை. நான் எதிர்பார்த்தது பெரிய ஆரவாரம். ஆனால் எல்லோரும் வாயைத் திறந்தபடி பேசாமல் நின்றார்கள்.

மேசனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பெரிசுதான்," என்றார் பெரியண்ணையிடம். நேர்மையான மனிசன்.

பந்தத்தைக் கொளுத்திக் கைவிட்டார்கள். அது கோயில் கூரைக்கு மேலாக எழும்பி, தென்னைகளுக்கு மேலாக எழும்பி, தெற்கிலிருந்து வந்த காற்றில் கடல் பக்கம் திரும்பியது. அப்போதுதான் சனம் கைதட்டியது. எங்கள் தெருப் பெடியள் சின்னண்ணையைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நானும் அழுதேன். சந்தோசத்தில்தான்.

மேசனார் கண்ணுக்கு மேல் கையை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "உயரம் போகும். தூரம் போகாது. பாரம் கூடிப்போச்சு. பாருக்கு அங்காலை போக முன்னம் விழும்."

பார் என்பது கரைக்கு எதிரே கடலுக்குள் கிடக்கிற முருகைக்கல் திட்டு. முந்திய வருசம் மேசனாருடைய குண்டு அதைத் தாண்டிப் போனதை வேறு ஊர் வள்ளக்காரர் கண்டிருந்தார்கள். அதனால் பெரியது எங்களுடையது, தூரம் போனது அவர்களுடையது என்று கதை பாதியில் நிற்கும். சின்னண்ணைக்கு அது பொறுக்காது.

"எங்கை விழுதெண்டு நான் போய்ப் பாத்துக்கொண்டு வாறன்," என்றார்.

"டேய், வேண்டாம்," என்று யாரோ சொன்னார்கள். அவர் ஏற்கெனவே மணலில் இறங்கி நடந்துகொண்டிருந்தார். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"பெரியவன், அவனை மறி."

பெரியண்ணை அம்மாவைப் பார்த்தார். பிறகு வானத்தில் போய்க்கொண்டிருந்த வெளிச்சத்தைப் பார்த்தார். அவருக்கும் அது எங்கே விழும் என்று தெரியவேண்டியிருந்தது. அவருடைய முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது.

"நிலவு பகல் மாதிரி அடிக்குது அம்மா. பார் வரைக்கும் போய் வரட்டும்."

சொன்னதோடு நிற்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, தன் கையாலேயே வள்ளத்தைத் தள்ளிவிட்டார். சின்னண்ணை துடுப்பை எடுத்துக்கொண்டு கரையைத் திரும்பிப் பார்த்தார்.

"மேசனார், விடிய எங்கடை வீட்டுக்கு வாங்கோ. எங்கை விழுந்ததெண்டு சொல்லுறன்."

நாங்கள் அவரிடமிருந்து கடைசியாகக் கேட்ட வார்த்தை அதுதான்.

குண்டு ஒரு நட்சத்திரம் அளவுக்குச் சுருங்கி, பிறகு அதுவும் தெரியாமல் போயிற்று. வள்ளம் அதற்கு முன்பே கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. கோயிலடியில் நாதஸ்வர மேளச்சமா தொடங்கியது. அளவெட்டியிலிருந்து வந்திருந்தவர்கள் வாசித்தார்கள். நாங்கள் கரையில் நின்றோம். கடலில் சூட்டுச் சத்தம் கேட்டதென்று ஒருவர் சொன்னார். இல்லை, அது மேற்குத் தெருவார் கொளுத்திய வெடி என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாதஸ்வரம்தான் கேட்டது. இன்றைக்கும் அந்தச் சத்தத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடிய ஒருவரையும் நான் காணவில்லை.

விடிந்தபோது தேடுவதற்கு முதல் ஆளாக வள்ளத்தை இறக்கியவர் மேசனார். கடல் தொழில் அவருடையதல்ல. நீந்தவும் தெரியாது. பெரியண்ணையும் அவரும் இன்னும் நாலைந்து பேரும் பயத்தைப் பாராமல் பாருக்கு அங்காலும் போய்த் தேடினார்கள். ஆளைக் காணவில்லை. வள்ளம் மட்டும் இரண்டு ஊர் தள்ளிக் கிழக்கே தானாகக் கரை ஒதுங்கியிருந்தது. உடைவு இல்லை, ஓட்டை இல்லை. துடுப்பு உள்ளே கிடந்தது. துடுப்புக்குப் பக்கத்தில் மூங்கில் வளையம் கிடந்தது. குறுக்குக் கம்பியும் அதில் ஒட்டியபடி நனைந்த தாள் துண்டுகளும்.

அவர் அதைத் தேடிப் பிடித்திருக்கிறார். விழுந்த இடத்துக்குப் போய், தண்ணீரிலிருந்து எடுத்து வள்ளத்தில் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று யாருக்கும் தெரியாது. எங்கே விழுந்ததென்றும் தெரியாது.

பெரியண்ணை அந்த வளையத்தை அங்கேயே, அந்த ஊர்க் கரையிலேயே, கத்தியால் துண்டு துண்டாக வெட்டிக் கடலில் எறிந்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவின் காலடியில் இருந்தார். அம்மா எழும்பி உள்ளே போனார். அன்றிலிருந்து அம்மா பெரியண்ணையோடு கதைக்கவில்லை.

கோபத்தில் ஒரு கிழமை, ஒரு மாதம் கதைக்காமல் இருப்பார்கள் என்று நினைத்தேன். வருசங்கள் போயின. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, இருவரும் என் மூலமாகவே வாழ்ந்தார்கள்.

"பிள்ளை, உவனைச் சாப்பிட வரச் சொல்லு."

"தங்கச்சி, அம்மாட்டைச் சொல்லு, கிணத்துக் கப்பி திருத்திப்போட்டன் எண்டு."

ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகக் கேட்கும். இருந்தும் நான் திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் சோறு ஆறிக் கிடக்கும். முதல் வருசத்தில் ஒருநாள் அம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பாஸ்போட்டை எடுத்து என்னிடம் தந்தார். "இதை உவனிட்டைக் குடு. போக விருப்பமெண்டால் போகட்டும்." நான் கொடுத்தேன். பெரியண்ணை அதை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு கூரை இறப்புக்குள் செருகினார். போகவில்லை. சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை ஒன்று போட்டார். பெற்றோல் இல்லாத காலம் வந்தபோது எல்லோரும் சைக்கிளில்தான் ஓடினார்கள் என்பதால் கடை நன்றாகவே நடந்தது. கலியாணம் பேசி வந்தவர்களைப் பெரியண்ணை திருப்பி அனுப்பினார். எனக்குப் பேசி வந்தவர்களை நானும் அனுப்பினேன். நான் போனால் இந்த வீட்டில் யார் யாரோடு கதைப்பது?

சின்னண்ணைக்குக் கிரியை செய்யவும் அம்மா விடவில்லை. மாமா, சித்தப்பா என்று ஆட்கள் வந்து சொல்லிப் பார்த்தார்கள். "உடம்பைக் காட்டுங்கோ, செய்யிறன்," என்பார் அம்மா. வந்தவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போவார்கள். சின்னண்ணையின் சேர்ட்டுகளைத் தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் தோய்த்துக் காயப்போட்டு மடித்து வைப்பார். கடற்கரைப் பக்கம் மட்டும் போகமாட்டார். மீன் வாங்கக்கூட என்னைத்தான் அனுப்புவார்.

இதற்கிடையில் ஆமிகள் வந்து போனார்கள், மாறி மாறிச் சண்டை நடந்தது. தொண்ணூறுக்குப் பிறகு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன் விலை விற்றது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் ஊர்ப் பிள்ளைகள் படித்தார்கள். புகைக்குண்டு விட யார் நினைப்பார்கள்? வானத்தில் ஏதாவது தெரிந்தால் பதுங்குகுழிக்குள் ஓடுகிற காலம். சித்திரைப் பூரணை வரும். கோயிலில் பூசை மட்டும் நடக்கும். அன்றைக்குக் காலையிலிருந்தே அம்மா படுத்திருப்பார்.

தொண்ணூற்றைந்து தை மாதம் சண்டை நிறுத்தம் வந்தது. கொஞ்சம் சாமான்கள் வரத் தொடங்கின. பிள்ளைகள் ஐஸ்கிறீம் கேட்டார்கள். பங்குனி மாதம் ஒரு பின்னேரம் மேசனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரோடு இரண்டு தெருவையும் சேர்ந்த இளந்தாரிகள் நாலு பேர் வந்து படலையடியில் நின்றார்கள். மேசனாருக்கு நரைத்துவிட்டது.

"இந்தமுறை பூரணைக்கு ரெண்டு தெருவும் சேந்து ஒண்டு விடுவமெண்டு கதைக்கிறம்," என்றார். "இதுவரைக்கும் ஒருத்தரும் விடாத அளவிலை. நீ இல்லாமல் சரிவராது."

பெரியண்ணை சைக்கிள் சங்கிலி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "என்னை விடுங்கோ மேசனார். நீங்கள் கட்டுங்கோ."

"அண்டைக்கு வாய்விட்டவன் நான்தான். தூரம் போகாதெண்டு நான் சொல்லாட்டில் அவன் போயிருக்கமாட்டான். ஒன்பது வருசமா உங்கடை ஒழுங்கையாலை போகேக்கை நான் தலை நிமித்தினதில்லை."

"நீங்கள் சொன்னீங்கள். தள்ளிவிட்டது நான்."

பெரியண்ணை மறுபடி சங்கிலியைத் துடைக்கத் தொடங்கினார். நான் தேத்தண்ணி போட உள்ளே போனேன். குசினிக் கதவோடு அம்மா நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"பிள்ளை, உவனைக் கட்டச் சொல்லு," என்றார்.

நான் சரியாகக் கேட்டேனா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "ஏன் அம்மா?"

"அண்டைக்கு நான் மேலை பாக்கேல்லை. வள்ளத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். அப்பிடி என்ன பெரிசா இருந்ததெண்டு எனக்கு ஒருக்காப் பாக்கவேணும்."

நான் வெளியே போய்ச் சொன்னேன். பெரியண்ணை சங்கிலியைக் கீழே வைத்தார். நெடுநேரம் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தாள் எங்கை எடுக்கிறது?" என்று மேசனாரைக் கேட்டார்.

தாள் நெல்லியடியில் ஒரு பழைய கடையில் கிடைத்தது. வருசக்கணக்கில் கட்டாகக் கிடந்து நிறம் மங்கிப்போன தாள். போதாததற்கு ஒரு பெடியன் யாழ்ப்பாணம்வரை சைக்கிளில் போய்த் தேடி வாங்கி வந்தான். மறுபடியும் எங்கள் விறாந்தையில் வெண்கட்டிக் கோடு விழுந்தது. இந்த முறை ஒட்டியது வேறு பெட்டைகள். அன்றைக்கு என்னோடு ஒட்டியவர்களில் பாதிப்பேர் கனடாவிலும் ஜேர்மனியிலும் இருந்தார்கள். ஒருத்தி உயிரோடு இல்லை. பசையை நான் காய்ச்சினேன். அம்மா விறாந்தைப் பக்கம் வரவில்லை. ஆனால் பின்னேரமானால் ஒட்டுகிற பிள்ளைகளுக்குக் குடிக்கத் தேசிக்காய்த் தண்ணி கரைத்து மூடி வைத்திருப்பார்.

பந்தத்துக்கு மண்ணெண்ணெய் வேண்டும் என்றபோது பெரியண்ணை தயங்கினார். விலை குறைந்திருந்தாலும் அது வீணாக்குகிற சாமான் அல்ல. மேசனாரின் மனைவி ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெருவிலும் வீடு வீடாகப் போனார். எல்லோரும் தங்கள் விளக்குப் போத்தலிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார்கள். எங்கள் வீட்டுப் பங்கை அம்மா ஊற்றினார்.

பூரணையன்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் சனம் சைக்கிளில் வந்தது. கோயில் வீதி கொள்ளவில்லை. அம்மா வெள்ளைச் சீலை உடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மணலில் கால் வைத்ததும் ஒருமுறை நின்றார். பிறகு நடந்தார்.

அந்தக் குண்டு நிமிர்ந்தபோது கொடிமரம் அதற்குப் பக்கத்தில் ஒரு தடிபோல இருந்தது. முந்தியதைவிட ஒன்றரை மடங்கு என்று ஆட்கள் சொன்னார்கள். எனக்கு அளவு தெரியாது. மங்கிய தாளுக்குள் நெருப்பு வெளிச்சம் ஏறியபோது பழைய நிறம் எல்லாம் திரும்பி வந்ததுபோல இருந்தது. பெரியண்ணை கடைசிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேசனார் பந்தத்தைக் கொளுத்தினார். பெரியண்ணை கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். மேலே பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடினார்.

அம்மா மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அது தென்னைகளைத் தாண்டியது, கடலைப் பார்த்துத் திரும்பியது. சனம் கைதட்டி ஓய்ந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். அம்மா அசையவில்லை.

"அண்டைக்கும் உப்பிடித்தானே போனது?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம் அம்மா."

வெளிச்சம் ஒரு புள்ளியாகி அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பெரியண்ணை கொஞ்சம் தள்ளி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். அம்மா திரும்பினார்.

"பெரியவன்," என்றார்.

நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். என்னிடம் அல்ல, அவரிடமே அம்மா கதைக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது.

"உந்த வெளிச்சத்தைப் பாத்தால் ஆரெண்டாலும் பின்னாலை போகத்தான் செய்வினம். வா, வீட்டை போவம்."

பெரியண்ணை சின்னப் பிள்ளைபோலத் தோள்கள் குலுங்க அழுதார். அம்மா அவருடைய முதுகில் கையை வைத்தார். மூன்று பேரும் மணலில் நடந்து வந்தோம். இவ்வளவு வருசமும் இரண்டு பேருடைய வார்த்தைகளையும் சுமந்து திரிந்த எனக்கு, அன்று சுமக்க ஒன்றும் இல்லாமல், கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சில நாட்களில் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. கடலில் முழக்கம் கேட்கத் தொடங்கியது. வந்துகொண்டிருந்த சாமான்கள் நின்றன. ஊரில் ஆட்கள் பதுங்குகுழிகளைத் திரும்பத் துப்புரவு செய்தார்கள். அந்த வைகாசியில் அம்மா சைவக்குருக்களைக் கூட்டிவரச் சொன்னார். உடம்பு இல்லாதபடியால் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதைச் சின்னண்ணையாக நினைத்து எரிக்கவேண்டும் என்று குருக்கள் விளங்கப்படுத்தினார். அம்மா மடித்து வைத்திருந்த சேர்ட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொடுத்தார். பெரியண்ணை கொள்ளி வைத்தார். முடிவுச் சடங்கான அந்தியேட்டிக்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சாம்பலைக் கரைத்தபோது மேசனாரும் சாரத்தோடு அவருக்குப் பக்கத்தில் இறங்கி நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் முன், கிரியைக்கு முதலில் உட்கார்ந்தபோது குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். பெரியண்ணை சொன்னார். பிறகு குருக்கள், வருசத் திவசத்துக்குத் திதி வேண்டும் என்றார். இறந்த நாள் எது என்று வைக்கிறது?

பெரியண்ணை அம்மாவைப் பார்த்தார். இறந்த நாள் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை.

"சித்திரைப் பூரணை எண்டு வையுங்கோ ஐயா," என்றார் அம்மா.

குருக்கள் கொஞ்சம் யோசித்தார். "அது தாயை இழந்தவை தாய்க்கு விரதம் பிடிக்கிற நாள் எல்லோ."

"ஓம். எல்லாரும் தாய்க்குப் பிடிக்கட்டும். நான் பிள்ளைக்குப் பிடிக்கிறன்."

குருக்கள் தலையை ஆட்டிவிட்டு மந்திரத்தைத் தொடங்கினார். வெளியே, சந்திக் கடை பூட்டியிருந்ததால் யாரோ காற்றுப் போன சைக்கிளை எங்கள் முற்றத்துக்கே உருட்டிக்கொண்டு வந்து, உள்ளே நடப்பதைக் கண்டு, வேலியோடு சாத்திவிட்டுத் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.